சுத்தமான பக்கம்

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் கார்வின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தபோதே கெட்ட செய்தி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் மேற்பார்வையாளர் அந்தத் தொப்பியைச் சவ அடக்கத்தில் மட்டும்தான் கழற்றி நான் பார்த்திருக்கிறேன்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன பஸ்ல ஒட்டியிருக்கு,” என்றார். “மூணாவது வரிசை, இடது பக்கம், முதுகு சாயுற இடத்துல. கடுகளவுதான். ஆனா மீட்டர் நல்லா கத்துது.”

எங்கள் தளத்தில் ‘ஒட்டியிருக்கு’ என்றால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் செய்த கட்டடம் அது. செய்தவர்கள் நாற்பது வருடம் செய்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதை இடித்து, அள்ளி, புதைக்கிற வேலை எங்கள் தலையில் விழுந்தது. அந்தக் கதிரியக்கத் தூசி கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, தொட்டால் சுடவும் சுடாது. தோலில் இருந்தால் கழுவிவிடலாம். மூச்சோடு உள்ளே போய்விட்டால் எலும்பில் போய் உட்கார்ந்துகொண்டு சாகும்வரை கூடவே இருக்கும்.

மூன்றாவது வரிசை, இடது பக்கம். ஜன்னலோரம் என் புருஷன் சேவோ, பக்கத்தில் நான். தளத்திலிருந்து எங்கள் வண்டி நிற்கிற இடத்துக்குக் கொண்டுவிடுகிற அந்த பஸ் கிளம்புவதற்கு முன்னாலேயே வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுகிற ஜென்மம் அவன்.

“வெள்ளிக்கிழமை வாசல்ல யாரு?” என்று கேட்டார் கார்வின். தெரிந்துகொண்டேதான் கேட்டார். தாளில் என் கையெழுத்து இருந்தது.

“நான்தான்.”

“ஒவ்வொருத்தரையும் முழுசாப் பார்த்தியா, யெசெனியா?”

“முழுசாப் பார்த்தேன்.”

வாய் கூசாமல் சொன்னேன். பொய்.

பதினாறு வருடமாக என் வேலை இதுதான். இடிப்பு வேலை முடித்து வருகிறவர்கள் வாசலில் தரையில் கிழித்த கோட்டருகே நின்று மேலுடுப்பைக் கழற்றுவார்கள். கோட்டைத் தாண்டியதும் நான் மீட்டரை எடுத்துத் தலையிலிருந்து உள்ளங்கால் வரை சோதிப்பேன். உடம்புக்கும் கருவிக்கும் நடுவில் கால் அங்குலம். வினாடிக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் கை நகரக்கூடாது. ஆமை வேகம். என் மகன் ஆபேல் பிறந்து நான் திரும்பி வந்தபோது, பால் கொடுக்கிறவள் உள்ளே போக வேண்டாம் என்று என்னை வாசலிலேயே நிரந்தரமாகப் போட்டுவிட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம், சுத்தமான பக்கம்.

வெள்ளிக்கிழமை பத்தொன்பது பேர். என்னோடு வாசலில் நிற்கிற ரோண்டாவை வேறு வேலைக்கு உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். காற்று வேறு பேயாட்டம் ஆடியது. பஸ்காரன் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. கடைசி ஆளாகச் சேவோ வந்து கையை விரித்துக்கொண்டு நின்றான்.

“வீட்டுக்குப் போய்ச் சாவகாசமாத் தடவிப் பாரு. இப்ப விடு, யெசி. பஸ்ஸு போயிடும்.”

பஸ்ஸில் ஏற நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். முன்பக்கம் பார்த்தேன், வலது பூட்ஸைப் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். பதினோரு வருடம் கூடக் குடித்தனம் நடத்துகிறவன் என்ற இளக்காரம். வேறொருவன் இப்படிக் கேட்டிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன்.

அன்றைக்கு வேலையை நிறுத்தி எல்லோரையும் வாசலோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊர் பாஸ்கோவுக்குத் திரும்பும் வழியில் எங்கள் வண்டியில் நான் வாயே திறக்கவில்லை.

“ஏன் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?” என்றான் சேவோ.

“உன் இடது பூட்ஸை நான் பார்க்கல. முதுகையும் பார்க்கல.”

அவன் ரேடியோவை அணைத்தான்.

“மூணு நாளா அந்தப் பூட்ஸோட வீடு முழுக்க நடந்திருக்க,” என்றேன். “ஆபேல் அந்தத் தரையிலதான் தவழுறான். கைக்குக் கிடைச்சதையெல்லாம் வாயில வைக்கிறான்.”

“எனக்கு ஒண்ணும் இருக்காது.”

“இருக்காதுன்னு மீட்டர் சொல்லணும். நீ சொல்லக்கூடாது.”

வீடு வந்ததும் அவனைக் கார் கொட்டகையிலேயே நிறுத்தினேன். பூட்ஸ், சட்டை, கால்சட்டை எல்லாவற்றையும் அங்கேயே கழற்றிப் பையில் போடச் சொன்னேன். பிப்ரவரிக் குளிரில் உள்ளாடையோடு நடுங்கிக்கொண்டு நின்றான். நாங்கள் வேலைக்குப் போகும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவள் சேவோவின் அக்கா ஒத்திலியா. ஆபேலை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவருகே வந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னடி இது, என் தம்பியைக் கோழி மாதிரி உரிச்சு நிறுத்தியிருக்க?”

“பக்கத்துல வராதீங்க அண்ணி. குழந்தையை இப்படிக் குடுங்க.”

ஆபேல் என்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினான். வாங்கித் தோளில் போட்டு இறுக்கிக்கொண்டேன். பத்து மாதக் குழந்தை, இருபது பவுண்டு. முகத்தை என் கழுத்தில் புதைத்துக்கொண்டான். அவன் அப்பனிடமிருந்து அவனைக் காப்பாற்றிவிட்ட மாதிரி எனக்கு ஒரு நினைப்பு. ஒத்திலியாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

“நான் கார்வினைக் கூப்பிடப் போறேன்,” என்றேன்.

சேவோ போர்வையைச் சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்தான். “கூப்பிட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? வெள்ளை உடுப்புப் போட்டுக்கிட்டு வந்து இறங்குவாங்க. தெருவே வேடிக்கை பார்க்கும். மெத்தையைத் தூக்குவாங்க, கார்ப்பெட்டைக் கிழிப்பாங்க. நீ பொய் சொன்னது தெரிஞ்சா உன் பேட்ஜைப் பிடுங்கிக்கிட்டு அனுப்பிடுவாங்க. அதுக்கப்புறம் இந்த ஊர்ல எந்தக் கம்பெனி உன்னை மீட்டரைத் தொட விடும்?”

“உன் பையன் தரையை நக்கிக்கிட்டுத் திரியறான். அதைப் பேசு.”

“கடுகளவுன்னுதானே சொன்னாரு?”

“கடுகளவு உன் உடம்புக்கு. இவன் உடம்பைப் பாரு.”

அவன் பார்த்தான்.  நான் நம்பரை அழுத்தினேன்.

கார்வினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் பொய் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“எதையும் தொடாத,” என்றார். “ரோண்டாவை அனுப்பறேன்.”

“குழந்தை என் கையில இருக்கான், கார்வின்.”

“அப்ப அப்படியே வச்சிக்க. கீழ விடாத.”

ஒரு மணி நேரம் கழித்து வந்தார்கள். ரோண்டாவும் இரண்டு ஆண்களும், சேவோ சொன்ன அதே வெள்ளை உடுப்பில். எதிர்வீட்டுக்காரி திரைச்சீலையை விலக்கிக்கொண்டு பார்த்தாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். ரோண்டாவோடு ஒன்பது வருடம் ஒரே வாசலில் நின்றிருக்கிறேன். அவள் கை அவசரப்படாது.

முதலில் பூட்ஸ். இடது அடிப்பாகத்தை அவள் சோதித்தாள். மீட்டர் சும்மா இருந்தது. வலதிலும் சத்தமில்லை. சட்டை, வண்டி இருக்கை, கூடத்துக் கார்ப்பெட், அவன் வழக்கமாக விழுந்து கிடக்கிற சோபா, எதிலும் ஒன்றுமில்லை. சேவோவை நிற்க வைத்து உச்சந்தலையிலிருந்து ஆரம்பித்தாள். பத்து நிமிடத்துக்குமேல் ஆனது. ஒரு சத்தமும் வரவில்லை.

“நான்தான் சொன்னேன்ல,” என்று அவன் பல்லைக் காட்டினான்.  எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இந்த ஆளைக் கொட்டகையில் குளிரில் நிற்க வைத்தேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

“இப்ப நீ,” என்றாள் ரோண்டா.

“நானா? நான் சுத்தமான பக்கத்துல நின்னவ.”

“தெரியும். குழந்தையை அவர்கிட்டக் குடு.”

கொடுத்தேன். ரோண்டா என் முடியைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள், இடது தோளுக்கு வந்தாள். அங்கிருந்து வலது தோளுக்குக் கருவியைக் கொண்டுபோனதும் அது தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி சடசடவென்று கத்தியது.

ரோண்டாவின் கை அப்படியே நின்றது.

“நகராத, யெசி.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “வெள்ளிக்கிழமை உன்னை யாரு பார்த்தது?”

“நானேதான் பார்த்துக்கிட்டேன்.”

“தோளுக்குப் பின்னாடி?”

தன் தோளுக்குப் பின்னால் தானே மீட்டர் பிடிக்க யாராலும் முடியாது. அதற்குத்தான் வாசலில் இரண்டு பேர். 

“யாராவது உன்னைத் தொட்டாங்களா?”

பால்டெமார். முட்டி தேய்ந்துபோன வெல்டர். கோட்டருகே ஒற்றைக்காலில் நின்று பூட்ஸ் மேலுறையைக் கழற்றும்போது காற்று அவரைத் தள்ளியது. நான் தோளைக் கொடுத்தேன். உள்ளே வேலை செய்த கையுறை இன்னும் அவர் கையில் இருந்தது. கோட்டைத் தாண்டிக் கைநீட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? ஆனாலும் தடுமாறுகிறவனுக்குத் தோள் கொடுப்பதை நாங்கள் யாருமே தப்பாக நினைத்ததில்லை. பதினாறு வருடத்தில் எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பேன்.

அன்று போட்டிருந்த கம்பளி மேல்சட்டைதான் இன்றும் என் மேல் இருந்தது. சனி, ஞாயிறு வீட்டுக்குள் குளிருக்கு அதையேதான் மாட்டிக்கொண்டிருந்தேன். பால் கொடுத்து முடித்ததும் ஆபேலை அந்தத் தோளில்தான் போட்டுத் தட்டுவேன். அப்படியே தூங்கிப்போவான். மூன்று நாள், பகலும் ராத்திரியும், அவன் மூக்கு அங்கேதான் இருந்தது. நான் சேவோவின் பூட்ஸைத் திட்டிக்கொண்டிருந்தபோதும் அங்கேதான் இருந்தது.

என் மேல்சட்டையைக் கத்தரியால் வெட்டி எடுத்துப் பையில் போட்டார்கள். உள்ளே போட்டிருந்ததையும் எடுத்துவிட்டு ஒரு காகித உடுப்பை மாட்டிவிட்டார்கள். கழுத்திலும் தோளிலும் மீட்டர் இன்னும் கத்தியது. என்னைக் கழுவுவதற்கான வண்டி வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அதுவரை சமையலறையிலேயே நிற்கச் சொல்லி, அதற்கும் கூடத்துக்கும் நடுவே தரையில் மஞ்சள் நாடாவை ஒட்டினார்கள். என் வீட்டுத் தரையில் கோடு போட்டார்கள், நான் அந்தப் பக்கம்.

அதன்பிறகு ஆபேல். சேவோ கையுறை போட்டுக்கொண்டு அவனைப் பிடித்துக்கொண்டான். ரோண்டா அவன் வலது கன்னத்துக்கு வந்ததும் மூன்று சொடுக்குக் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னும் ஒன்று.

“மெதுவாப் போ ரோண்டா,” என்றேன். “இன்னும் மெதுவா.”

“மெதுவாத்தான் போறேன்.”

ஈரத்துணியால் கன்னத்தைத் துடைத்தாள். மூன்றாவது துணியில் சத்தம் நின்றது. சேவோவின் நெஞ்சில் அவன் சாய்ந்திருந்த இடத்தையும் பார்த்துத் துடைத்தாள். பிறகு மெல்லிய குச்சியில் சுற்றிய பஞ்சைக் குழந்தையின் இரண்டு மூக்கிலும் விட்டு எடுத்தாள். அவன் வீறிட்டான்.

“உள்ள போயிருக்கா?” என்று கேட்டான் சேவோ. அவன் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை.

“இப்பச் சொல்ல முடியாது. டயப்பரை எல்லாம் எடுத்து வைங்க. ஆய்வுக்கு அனுப்பணும். ஆறு வாரமாவது ஆகும்.” ரோண்டா என் பக்கம் திரும்பவே இல்லை.

ஏதோ தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சேவோவைக் கூப்பிட்டார்கள். அவன் ஆபேலைக் கார்ப்பெட்டில் உட்கார வைத்தான். கார்ப்பெட் சுத்தம் என்று முதலிலேயே பார்த்தாகிவிட்டதல்லவா. ரோண்டா குனிந்து பைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். அது அவன் பால் குடிக்கிற நேரம். அவன் அழுகிற சத்தத்துக்கே எனக்குப் பால் சுரந்து காகித உடுப்பின் முன்பக்கம் நனைந்துபோயிருந்தது.

ஆபேல் என்னைப் பார்த்தான். அழுகையை நிறுத்தினான். ஈரக் கன்னத்தோடு சிரித்துக்கொண்டு, கைகளைப் பட்பட்டென்று தரையில் அடித்தபடி என்னை நோக்கித் தவழ்ந்து வந்தான். இவ்வளவு வேகமாக அவன் தவழ்ந்து நான் பார்த்ததே இல்லை. மஞ்சள் நாடாவுக்கு இன்னும் ஒரு கை தூரம்தான் இருந்தது.

“வராத! வராதடா, போ!”

நான் அவனிடம் ஒருநாளும் கத்தியதில்லை. நின்றான். உதடு பிதுங்கியது. இது யார் என்பது போல என் முகத்தையே பார்த்தான். பிறகு மறுபடியும் ஒரு கையைத் தூக்கி முன்னால் வைத்தான். நான் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு, தொண்டை கிழிய இன்னொரு தடவை விரட்டினேன். அவன் பயந்து வீறிட்டுக்கொண்டு அப்பா பக்கம் திரும்பினான். சேவோ ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான்.