இரண்டு சுற்று வார்

உகம்சிங்கின் மணிக்கட்டில் ஈட்டியின் தோல்வாரை இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டது நான்தான். பாழாய்ப்போன இந்தக் கைதான்.

"இன்னும் இறுக்கு மச்சான். ஈட்டியைக் கீழ போட்டுட்டு நம்ம ஊரு மார்வாருக்குப் போனா, உன் தங்கச்சியே என்னை வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டா."

"நீ உசுரோட வந்தாப் போதும்னுதான் மாப்ள அவ சொல்லி அனுப்பினா."

"பொம்பளைங்க அப்படித்தான் சொல்லுவாங்க. கட்டுடா!"

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது ஒரே சுற்று, அதுவும் தளர்வாக. ஆனால் எங்கள் ராஜபுத்திரர்களிடம் யார் சொல்லி யார் கேட்பது? வாள் உடையலாம், சேணத்து உறையில் இருக்கும் துப்பாக்கி குதிரையோடு தொலையலாம். ஈட்டி கைநழுவினால் ஏழு தலைமுறைக்கும் பேச்சு.

வெள்ளைக்காரன் போருக்காகக் கடல் தாண்டி வந்த எங்களுக்கு எதிரே, யோர்தான் ஆற்றங்கரை மேட்டில் துருக்கியர்கள் காத்திருந்தார்கள். பாய்ந்தோம். என் ஈட்டி ஒருவன் நெஞ்சில் இறங்கியது, பிடுங்க வரவில்லை. ஓடுகிற குதிரை நிற்குமா? என் வார் ஒரே சுற்றுதான்; கை தானாக விட்டுவிட்டது.

பக்கத்தில் உகமின் ஈட்டியும் ஒருவன் உடம்பில் சிக்கியது. குதிரை ஓடியது, ஈட்டி நின்றுவிட்டது. வார் அவனைச் சேணத்திலிருந்து பிடுங்கித் தரையில் அடித்தது. பின்னால் வந்தவை எங்கள் குதிரைகள்தான். ஐயோ, நாற்பது குதிரைகள்!

நான் குதிரையிலிருந்து குதித்துத் திரும்பி ஓடிவந்தபோது அவன் கை தோளிலிருந்து பிசகி முதுகுப்பக்கம் கிடந்தது. கண் திறந்திருந்தது.

"மச்சான், விட்டுட்டேனா?"

"விடல மாப்ள."

அவ்வளவுதான். போய்விட்டான். எனக்கு அழுகைகூட வரவில்லை. பித்துப் பிடித்தவன்போல வாரைக் கத்தியால் அறுத்தேன். அவன் ஈட்டியைப் பிடுங்கி, அதையே ஊன்றி எழுந்தேன்.

படைத்தலைவர் ரிசால்தார் பாபூத்சிங் குதிரையை நிறுத்தினார்.

"பாருங்கடா! நார்பத்சிங் ஈட்டியோட நிக்கிறான். இவன் வெறுங்கையோட கிடக்கிறான். காலையில என்னா சவடால் அடிச்சான்!"

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. ஊருக்குப் போகும் சேதி இதுதானா? என் தங்கை கேட்கப்போவது இதைத்தானா?

"இது அவன் ஈட்டி சாமி! விட்டது நான். நான்தான் விட்டேன்!"

ரிசால்தார் இறங்கி உகமின் கையைத் தூக்கிப் பார்த்தார். அறுபட்ட வார் இரண்டு சுற்றும் சதைக்குள் புதைந்திருந்தது. அவர் முகம் வெளுத்துப்போனது.

"அடப்பாவிகளா, இப்படி ரெண்டு சுத்து எவன்டா கட்டினது?" என்றார்.