மல்லாவி ஐயந்தெளி கழகத்தின் அடுத்த நிகழ்ச்சி

மல்லாவி ஐயந்தெளி கழகத்தில் இப்போது மூன்று பேர் இருக்கிறோம். ஐயாத்துரை வாத்தியார் தலைவர், போன் திருத்தும் சதீஸ் பொருளாளர், நான் செயலாளர். உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. போன மாதம் கிரகண தோசம் பொய் என்று கூட்டம் வைத்தோம். வந்த ஆறு பேரில் நான்கு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். எனக்கு அலுத்துவிட்டது.

அடுத்த நிகழ்ச்சி, வாக்குச் சொல்லும் அம்மாவைப் பற்றியது. போரில் காணாமல் போனவரின் படத்தைக் கொடுத்தால், ஆள் இருக்கிறாரா என்று பார்த்துச் சொல்வார். இல்லை என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. பிறகென்ன, வெள்ளிக்கிழமைகளில் சனம் வரிசையில் நிற்கிறது.

"செத்தது நிச்சயமாத் தெரிஞ்ச ஒராளின்ர படத்தைக் குடுத்துப் பாப்பம்," என்றான் சதீஸ். "எங்களில ஒராள் கண்ணால கண்டிருக்கோணும்."

நான் பேர்சிலிருந்து அண்ணனின் படத்தை எடுத்து வைத்தேன். "முள்ளிவாய்க்காலில நானே தாட்டனான்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "சுமித்திராவுக்குத் தெரியுமோ?"

அண்ணிக்குத் தெரியாது. முகாமில் நான் அவரைக் கண்டுபிடித்தபோது காய்ச்சலோடு கிடந்தார், தேறியதும் சொல்வோம் என்று விட்டேன். அப்படியே பதினைந்து வருடம் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை வரிசையில் நின்றேன். அம்மா படத்தைத் தடவிப் பார்த்து, "ஆள் இருக்கிறார், மேற்குப் பக்கம், ஒரு நேரச் சாப்பாடுதான்," என்றார். சோதனை கச்சிதம். அன்றைக்கே சதீஸ் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நோட்டீஸ் ஒட்டிவிட்டான். இவர் என் அண்ணன், நானே புதைத்தேன் என்று நான் எழுந்து சொல்ல வேண்டும். அதற்கு முன் அண்ணிக்குச் சொல்லாவிட்டால் நான் மனிதனே இல்லை.

சனி காலை போனேன். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அண்ணி ஓடி வந்தார். அவர் ஓடி நான் கண்டதில்லை.

"தம்பி, நீங்களும் அம்மாவிட்டப் போனனீங்களாமே! வரிசையில நிண்ட சனம் சொல்லிச்சுது. ஒண்டையும் நம்பாத நீங்களே போயிருக்கிறியள் எண்டால், ஏதோ தகவல் வந்திருக்கு. சொல்லுங்கோ, எங்க இருக்கிறார்?"

கதிரையை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நாள், இடம், செல் குண்டு விழுந்த நேரம், போர்த்துவதற்கு நான் உடுத்திருந்த சாரத்தைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை என்பது. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவர் அழவில்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த அம்மா பொய் சொல்லுறா எண்டு காட்டத்தானே நாளைக்குக் கூட்டம்?"

"ஓம் அண்ணி."

"அவாவிட்ட நான் ரெண்டு வருசமாத்தான் போறன். அதுக்கு முதல் பதின்மூண்டு வருசம் உங்களிட்டத்தானே கேட்டனான், அவர் வருவாரோ எண்டு. நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

வருவார் என்றுதான் சொன்னேன். கேட்ட ஒவ்வொரு முறையும்.