பதினான்காம் கேள்விக்கு 'இல்லை'

நாட்டில் எவர் புதிதாக எதைக் கண்டுபிடிக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. அதற்கு நாற்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. ஐந்து வருடத்துக்கு முன் அதை எழுதிக் கொடுத்த மேதை நான்தான். பதினான்காவது கேள்வி: 'நிறுவனத்தில் ஆராய்ச்சிப் பிரிவு உள்ளதா?' இல்லையென்றால் மீதிக் கேள்விகளே கிடையாது, மதிப்பெண் பூஜ்யம்.

தொழிற்பேட்டையில் இருந்த என் அக்கா கணவரின் லேத் பட்டறைக்கும் அந்தப் படிவத்தோடு போனேன். அக்கம்பக்கத்துக் கம்பெனிகளில் எந்த வெளிநாட்டு மெஷின் படுத்துக்கொண்டாலும் அத்தானிடம்தான் வரும். சரிசெய்வதோடு விடமாட்டார். பாதி மின்சாரத்தில் ஓடுகிற மாதிரி மாற்றியும் கொடுப்பார்.

"ஆராய்ச்சிப் பிரிவு இருக்கா அத்தான்?"

"அதெல்லாம் எதுக்கு மாப்ளே? மெஷின் நின்னா உக்காந்து யோசிப்போம், அவ்வளவுதான்."

'இல்லை' என்று டிக் செய்தேன். என் நேர்மையைக் கொண்டுபோய் உடைப்பில் போட.

பக்கத்துப் பாட்டில் கம்பெனியில் ஒரு அறைக் கதவில் 'ஆராய்ச்சி' என்று பலகை தொங்கியது. உள்ளே முதலாளியின் மருமகன் தூங்கிக்கொண்டிருந்தார். எண்பத்திரண்டு மதிப்பெண்.

இரண்டே மாதத்தில் அரசாணை வந்தது. தொழிற்பேட்டை இனிப் புதுமை செய்கிறவர்களுக்கு மட்டும்தானாம். பூஜ்யம் வாங்கியவர்கள் பேட்டையைக் காலி செய்துவிட வேண்டுமாம்.

அக்கா போனில் அழுதாள். "ஒரு டிக்கை மாத்திப் போட உனக்கு என்னடா கேடு?"

இயக்குநரிடம் ஓடினேன். "அந்தக் கேள்வியே தப்பு சார். மாத்திடலாம்."

"மாத்தினா போன வருஷத்தோட ஒப்பிட முடியாதேப்பா," என்றார், ஏதோ நான் அவர் சொத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்ட மாதிரி. குடும்பம் கெட்டாலும் புள்ளிவிவரம் கெடக்கூடாது. அதற்கு மேல் நான் பேசியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

பட்டறையை மூடினார்கள். அத்தான் அதே பாட்டில் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். பழைய வேலையேதான், ஆனால் பதிவேட்டில் 'ஆராய்ச்சியாளர்'. இந்த ஆண்டு அந்தக் கம்பெனிக்குத் தொண்ணூற்றாறு. பூஜ்யங்களைத் துரத்திவிட்டதால் பேட்டையின் சராசரியும் கிடுகிடுவென்று ஏறிவிட்டது. கொள்கை வெற்றி என்று இயக்குநர் அந்த வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து வாசலில் மாட்டினார்.

இந்த ஆண்டுக் கணக்கெடுப்புக்கும் நான்தான் போயிருந்தேன். அத்தான் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். எனக்கு அது பொறுக்கவில்லை.

"உக்காருங்க அத்தான்."

"பரவாயில்ல சார்," என்றார். "எங்க கையெழுத்துப் போடணும்?"