ஏழு பூட்டுக்குள் ஒரு பதிவேடு

பூட்டுக் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்குச் சந்தேகம் சம்பளத்தோடு சேர்ந்தே வந்துவிடும். அங்கே காலையில் ஒருவரைப் பார்த்து "சௌக்கியமா?" என்று கேட்டால், "ஏன் கேக்கறீங்க?" என்றுதான் பதில் வரும். முதலாளி இளவயதில் தன் கையால் செய்த முதல் இரும்புப் பெட்டியை இன்றுவரை யாராலும் திறக்க முடியவில்லை. அவராலும்தான். உள்ளே என்ன வைத்துப் பூட்டினார் என்பதும் மறந்துபோயிற்று. மேலே ஒரு மெத்தையைப் போட்டு, வருகிறவர்கள் உட்காரும் ஆசனமாக வைத்திருந்தார். இதைவிடப் பெரிய விளம்பரம் எந்தக் கம்பெனிக்கும் வாய்த்ததில்லை.

அந்தக் கம்பெனியின் உயிர் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையில் இருந்தது. அறைக்குள் ஒரு சர்வர், சர்வருக்குள் ஒரு பதிவேடு. இதுவரை விற்ற ஒன்பதாயிரம் பூட்டுகளும் எந்தத் தெருவில், எந்த வீட்டுக் கதவில் தொங்குகின்றன, ஒவ்வொன்றின் சாவிக்கும் எத்தனை பல், எந்தப் பல் என்ன உயரம் என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். சாவியைத் தொலைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு வருகிறவர்களுக்கு அதைப் பார்த்துத்தான் வேறு சாவி வெட்டிக் கொடுப்பார்கள்.

அதைக் கட்டிக் காத்தவர் ரெஜிஸ்டர் அக்கா. வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பூட்டு வாங்குகிற ஒவ்வொருவரிடமும் அவர் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "உங்க சாவியோட பல்லு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூணாவது ஆளுக்குத் தெரியாது." இருபது வருஷமாக இந்தச் சொல்லை நம்பித்தான் ஊர் நிம்மதியாகத் தூங்கியது.

அறைக் கதவுக்கு ஏழு பூட்டுகள். ஏழையும் திறக்க அக்காவுக்கு இருபது நிமிஷம் பிடிக்கும். ஒருமுறை உள்ளே ஒயர் தீப்பிடித்து, ஐந்தாவது பூட்டைத் திறப்பதற்குள் தீ பொறுமையிழந்து தானே அணைந்துவிட்டது.

இத்தனைக்கும் அக்கா அந்தச் சர்வரையும் நம்பியதில்லை. "மெஷின் இன்னைக்கு ஒண்ணு காட்டும், நாளைக்கு ஒண்ணு காட்டும். காகிதம் அப்படி நாக்கு மாறாது" என்பார். அன்றன்று பதிந்ததையெல்லாம் மாலையில் காகிதத்தில் அச்செடுத்து இடுப்பிலேயே செருகி வீட்டுக்குக் கொண்டுபோவார். மறுநாள் காலையில் வந்ததும் திரையோடு ஒப்பிட்டு வரிக்கு வரி டிக் அடிப்பார். சரியாக இருந்தால் அந்தக் காகிதத்தை உலகத்திலேயே தான் நம்புகிற ஒரே மனிதரிடம் கொடுப்பார். அவர் பேக்கிங் பிரிவில் இருந்த அக்காவின் கொழுந்தன். "தம்பி, இத ஒழிச்சுக் கட்டிடு." "சரிங்க அண்ணி." இருபது வருஷத்தில் அவர் ஒருநாள்கூட மறந்ததில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கம்பெனிக்குள் முதலாளியின் மாப்பிள்ளை ஒரு பெண்ணை அழைத்து வந்தார். கையில் ஒரு மடிக்கணினி, முகத்தில் ஒரு புன்னகை. சர்வரில் இருப்பதையெல்லாம் கிளவுடுக்கு மாற்றித் தருகிற ஆலோசகராம். பேக்கிங் பிரிவில் அன்று மாலைக்குள் அவருக்கு மேகக்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மேகக்காரம்மா மாடியில் முதலாளியின் அறையில் அந்தத் திறக்காத பெட்டியின்மேல் உட்கார்ந்து, நோட்டைத் திறந்தார். "சர்வர் வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு?"

"எதுக்குக் கேக்கறீங்க?" என்றார் அக்கா.

"இருபது வருஷம்" என்றார் மாப்பிள்ளை. "ஃபேன் ஓடுற சத்தம் மூணாவது மாடி வரைக்கும் கேக்குது. ஒருநாள் பட்டுனு நின்னுட்டா ஒன்பதாயிரம் வீடும் போச்சு."

"அறைச் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

அக்கா முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். வந்து கால் மணி நேரம் ஆகவில்லை, சாவி எங்கே என்று கேட்கிறாள்! "எங்கிட்ட மட்டும்தான். நான் எங்க வச்சிருக்கேன்னும் நோட்டுல எழுதிக்கிறீங்களா?"

"வேண்டாங்க மேடம். இடுப்புல சத்தம் கேக்குது" என்றார் மேகக்காரம்மா, புன்னகை மாறாமல்.

அந்தப் புன்னகைதான் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. காரணமில்லாமல் சிரிக்கிறவர்களை அவர் ஒரு கண்ணாலும், காரணத்தோடு சிரிக்கிறவர்களை இரண்டு கண்ணாலும் கவனிப்பார்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றார் அக்கா. "அந்தக் கிளவுடுங்கறது எங்க இருக்கு? தெரு, கதவு எண் சொல்லுங்க."

"அப்படி ஒரே இடத்துல இருக்காதுங்க. மூணு ஊர்ல மூணு பிரதி இருக்கும்."

"கேட்டீங்களா?" என்று அக்கா முதலாளி பக்கம் திரும்பினார். "ஊராரோட சாவியை மூணு ஊர்ல கொண்டுபோய்க் கொட்டப் போறாங்க. இவங்களே விலாசம் சொல்ல மாட்டேங்கறாங்க."

முதலாளி மீசையை நீவினார். மாப்பிள்ளை சொல்வதை மறுத்தால் வீட்டில் மகள் பேசமாட்டாள். அக்கா சொல்வதை மறுத்தால் கம்பெனியில் ஒருவரும் பேசமாட்டார்கள். கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தார். முதலில் நூறே நூறு பதிவுகளை ஒரு வட்டில் ஏற்றி, செவ்வாய்க்கிழமை மேகக்காரம்மாவிடம் ஒத்திகைக்குக் கொடுப்பது. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கோளாறும் இல்லையென்றால் அக்கா சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும். கோளாறு என்று அக்கா நிரூபித்துவிட்டால், கிளவுடும் வேண்டாம், அதைப் பற்றின பேச்சும் வேண்டாம்.

அக்கா அன்று மதியம் சாப்பிடாமல் யோசித்தார். யோசித்து ஒரு பொறி வைத்தார்.

மாடிப்படிக்குக் கீழே, அறைக்கு வெளியே, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி ஒரு சிறிய தகரப் பெட்டியை வைத்து ஒரு புதுப் பூட்டைத் தொங்கவிட்டார். அந்தப் பூட்டுக்கு இருந்த ஒரே சாவியை அரத்தால் ராவித் தூளாக்கி, தூளை ஜன்னல் வழியாக ஊதிவிட்டார். திங்கட்கிழமை பதிவேட்டில் புதிதாக ஒரு வரி ஏறியது: 'சோதனைப் பெட்டி, மாடிப்படிக்குக் கீழே', பக்கத்தில் சாவியின் பல் அளவு. ஒத்திகை வட்டின் நூறு பதிவுகளில் அதுவும் ஒன்று. இனி அந்தப் பெட்டி திறந்தால், வட்டைப் படித்தவர்தான் சாவி வெட்டித் திறந்திருக்க முடியும்.

பெட்டிக்குள் ஒரு சீட்டும் பேனாவும் வைத்தார். சீட்டில், 'திறந்தவர் தயவுசெய்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவும்' என்று எழுதியிருந்தார். திருடன் போடமாட்டான் என்று தெரியும். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

செவ்வாய்க்கிழமை காலை வட்டை ஓர் உறையிலிட்டு, பன்னிரண்டு இடங்களில் அரக்கு முத்திரை வைத்து மேகக்காரம்மாவிடம் நீட்டினார். முத்திரைகளை அவர் ஒவ்வொன்றாக எண்ணியதைக் கவனித்தார். எண்ணுகிறாளா, இரு, வைத்திருக்கிறேன் உனக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

புதன்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால், பூட்டு திறந்து கொக்கியில் ஆடிக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு வந்த சந்தோஷத்தில் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறினார். கால் வலி வந்த நாளிலிருந்து அப்படி ஏறியதில்லை. ஐந்து நிமிஷத்தில் முதலாளி, மாப்பிள்ளை, மேகக்காரம்மா மூவரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். பேக்கிங் பிரிவே வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தது.

"நேத்து காலையில வட்டு போச்சு. இன்னைக்கு மதியம் பெட்டி திறந்திருக்கு" என்றார் அக்கா. "ரெண்டு நாள்கூடத் தாங்கலை. இந்தச் சாவியோட பல்லு இவங்க கையில இருக்கிற வட்டுல மட்டும்தான் வெளிய போச்சு. மூணு ஊர்ல எந்த ஊர்லேர்ந்து ஆள் வந்தான்னு இவங்களையே கேளுங்க."

மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. "என்னங்க இது?" என்றார் மேகக்காரம்மாவிடம், ஏறக்குறைய கெஞ்சலாக.

மேகக்காரம்மா கைப்பையைத் திறந்து ஓர் உறையை எடுத்து முதலாளியின் கையில் வைத்தார். பன்னிரண்டு முத்திரைகளும் வைத்தபடியே இருந்தன. ஒன்றில் அக்காவின் கட்டைவிரல் ரேகைகூடக் கலையவில்லை.

"எழுத்துல சம்மதம் இல்லாம யார் கொடுத்த சாமானையும் நான் பிரிக்கிறதில்லைங்க" என்றார். "மேடம் இன்னும் கையெழுத்துப் போடலையே. நாளைக்கு எதாவது ஒண்ணுன்னா என் தலையிலதானே விடியும்? யாரை நம்பறது?"

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். தன் ஜாதகத்தை வேறொருத்தி கையில் வைத்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. முதன்முறையாக அந்தப் பெண்மீது ஒரு மரியாதை வந்து தொலைத்தது.

"அப்போ பெட்டியைத் திறந்தது யாரு?" என்று முதலாளி குனிந்து மூடியைத் தூக்கினார். சீட்டை எடுத்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். "கையெழுத்து இருக்கும்மா. 'பார்த்தேன். பூட்டு நன்றாக வேலை செய்கிறது. பேக்கிங்.'"

கூட்டத்திலிருந்து அக்காவின் கொழுந்தன் முன்னே வந்தார். பரிசு கொடுக்கக் கூப்பிட்டது போன்ற முகம். "நான்தாங்க. ஏதாவது தப்பா எழுதிட்டேனா?"

"தம்பி!" என்றார் அக்கா. "உனக்கு இந்தச் சாவியோட பல்லு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே அண்ணி எழுதிக் கொடுத்தீங்க." அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். திங்கட்கிழமை அச்செடுத்த காகிதம். அக்காவின் டிக் அடையாளம் வரிக்கு வரி இருந்தது. "காலையில பூட்டைச் சுத்தறப்போ பார்த்தேன். சோதனைப் பெட்டி, மாடிப்படிக்குக் கீழேன்னு போட்டிருந்தது. சரி, சோதிக்கச் சொல்றாங்கன்னு ஒரு சாவி வெட்டிப் பார்த்தேன்."

"எதைச் சுத்தறப்போ?"

"பூட்டைத்தான். வேற எதைச் சுத்துவோம்? டப்பாவுல ஆடக்கூடாதுன்னு ஒவ்வொரு பூட்டையும் உங்க காகிதத்துலதான் சுத்தி அனுப்பறோம்."

"எத்தனை நாளா?"

"நீங்க கொடுக்க ஆரம்பிச்சதுலேர்ந்து. இருபது வருஷம் இருக்கும்."

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாவது மாடியில் இருந்தவர்களும் அதைத்தான் கேட்டிருப்பார்கள்.

"ஒழிச்சுக் கட்டச் சொன்னேனேடா!"

"கட்டித்தானே அனுப்பினோம், அண்ணி" என்றார் கொழுந்தன், குரல் தாழ்ந்து. "கம்பெனியை விட்டு வெளிய போனா ஒழிஞ்ச மாதிரிதானேன்னு..."

முதலாளி திறக்காத பெட்டியை மாடியிலிருந்து எடுத்து வரச் சொல்லி, வந்ததும் அதன்மேல் உட்கார்ந்தார். ஒரு வீட்டுப் பூட்டோடு இன்னும் இரண்டு மூன்று வீட்டுச் சாவி விவரம், தெரு, கதவு எண் சகிதம் இலவசமாகப் போயிருக்கிறது. யாரும் திருடப் போகாததற்கு ஒரே காரணம், பூட்டு வாங்குகிறவர்கள் காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு நேரே கதவைப் பார்க்கப் போய்விடுவதுதான்.

இருபது வருஷமாக ஒவ்வொரு முகத்தையும் பார்த்துச் சொன்ன அந்த வாக்கியம் ஒன்பதாயிரம் குரலில் திரும்பி வந்து அக்காவின் காதில் மோதியது. ஏழு பூட்டையும் கதவில் போட்டுவிட்டு, பதிவேட்டைத் தன் இடுப்பிலேயே வைத்து வெளியே கொண்டுபோனவர் யார்? அவரேதான்.

"முதல்ல ஒன்பதாயிரம் வீட்டுக்கும் நான் கடுதாசி எழுதறேன்" என்றார் கடைசியில். "என்ன நடந்ததுன்னு உள்ளபடி எழுதறேன். எல்லார் பூட்டையும் மாத்திக் கொடுக்கணும்."

"நீ சொன்ன சொல்லும்மா" என்றார் முதலாளி. "மாத்தத்தான் வேணும்."

அக்கா மேகக்காரம்மா பக்கம் கையை நீட்டினார். சம்மதக் கடிதம் வந்தது. அதை மூன்று முறை படித்தார். வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அந்தக் கிளவுடுல பிரிண்டர் உண்டா?"

"நீங்க வேணும்னு சொன்னா இணைக்கலாம். சொல்லலேன்னா யாராலும் ஒரு வரிகூட அச்செடுக்க முடியாது. யார் எப்போ எதைப் பார்த்தாங்கன்னும் பதிவாகும்."

"நான் பார்த்தாலும் பதிவாகுமா?"

"உங்களுதுதான் முதல்ல."

அக்கா கையெழுத்துப் போட்டார். போட்ட பேனா தகரப் பெட்டியில் திருடனுக்காக வைத்ததுதான். எழுதி முடித்து அதைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்.

கூட்டம் கலைந்தது. கொழுந்தன் மட்டும் போகாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அண்ணி, அப்போ நாளையிலேர்ந்து பூட்டை எதுல சுத்தறது?"

"வெள்ளைத்தாள்ல" என்றார் அக்கா. "ரெண்டு பக்கமும் நான் பார்த்த பிறகு."