குங்குமம் வைத்த நட்டுகள்

மருதப்பன் அந்த நான்கு டயர்களையும் கொண்டுவந்து இறக்கிய அன்று வடிவேலுவுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, குழம்பில் உப்பு கூடிப்போச்சு என்று மனைவி சந்திரமதியிடம் எரிந்து விழுந்தான். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

இருவரிடமும் ஒரே மாதிரி லாரிதான். வெள்ளைக்காரப் பட்டாளம் இனி வேண்டாமென்று ஏலத்தில் தள்ளிவிட்ட சப்பை மூக்குப் பச்சை வண்டிகள். ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கத்துக் காலி நிலத்தில் அவை அருகருகே நிற்கும். இரண்டிலும் டயர் மொட்டை. அதுவரை இருவரும் நல்ல சினேகிதர்கள். எவனுக்கும் எதுவும் சரியாக அமையாதவரை சினேகிதத்துக்கு என்ன குறை?

ஜூரோங்கில் சதுப்பு நிலத்தைத் தூர்க்க மண் அடிக்கும் வேலை வந்ததில்தான் எல்லாம் கெட்டது. எல்லாரும் தவுக்கே என்று கூப்பிடும் குத்தகைக்காரச் சீன முதலாளி வந்து இரண்டு வண்டியையும் சுற்றிப் பார்த்தார். தனக்கு ஒரே ஒரு லாரி போதும், சேற்றில் மாட்டிக்கொண்டு நிற்காத லாரியாக இருக்கவேண்டும், ஆயுத பூஜைக்கு மறுநாள் பிற்பகல் வந்து முடிவு சொல்கிறேன் என்று போய்விட்டார். வருஷக்கணக்கில் ஓடக்கூடிய வேலை. வடிவேலுவின் வண்டியோ வாரத்தில் பாதி நாள் சும்மா நின்றது. இது கிடைக்காவிட்டால் வண்டியை விற்றுவிட்டு மறுபடியும் யாரிடமாவது கூலி டிரைவராகப் போக வேண்டியதுதான்.

அந்த டயர்களை முதலில் பார்த்தவன் வடிவேலுதான். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. சுங்கை ரோட்டுப் பழைய சாமான் கடையில், துருப்பிடித்த கட்டில்களுக்குப் பின்னால், கட்டை கட்டையாகப் பல் வைத்த பட்டாளத்து டயர்கள் சாத்தியிருந்தன. சேற்றைக் கடித்துக்கொண்டு போகிற சாதி. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான், உள்ளே கைவிட்டுத் தடவினான், முகர்ந்தும் பார்த்தான். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு நடந்துவிட்டான். ஆசையைக் காட்டினால் கடைக்காரன் விலையை ஏற்றிவிடுவான் என்பது அவன் கணக்கு. இரண்டு நாள் காக்கவைத்து, வேண்டா வெறுப்பாகத் திரும்பிப் போய் வாங்குவதுதான் அவன் பழக்கம். இடையில் மருதப்பன் போனான், பிடித்திருக்கிறது என்று சிரித்தான், வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அன்றிலிருந்து வடிவேலு வாயைச் சும்மா வைத்திருக்கவில்லை. "ரப்பர் உள்ள வெந்து போயிருக்கு மருதா, ரோட்டுல வெடிக்கும்" என்றான். மருதப்பன் பயந்துபோய் டயர்க்கடை அஹமது கபீரிடம் காட்ட, அவர் தட்டிப் பார்த்து முதல் தரம் என்றார். "உன் வீலுக்கு இந்த சைஸ் ஏறாது" என்று வடிவேலு அடுத்த புளுகை அவிழ்த்துவிட்டான். அளந்து பார்த்தால் அச்சாகப் பொருந்தியது. அதற்குப் பிறகு ஒலி முகம்மதுவின் தேநீர்க்கடையில் வடிவேலு தலையைக் காட்டினாலே, "அண்ணன் வயித்துல தண்ணி காய வைக்கலாம் லா" என்று சிரிப்பார்கள்.

மருதப்பன் பழைய டயர்களைக் கழற்றாமலே சக்கரங்களுக்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்தான். புது டயரை மட்டும் மாட்டவில்லை. புதுச் சாமானைப் பூஜையில் வைக்காமல் ஓட்டக்கூடாது என்பாள் அவன் மனைவி ரத்தினம்மா. ஆயுத பூஜையன்று டயர்களுக்கு மாலை போட்டாள். சக்கரத்தில் ஒரு நட்டு விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். சாயங்காலம் பார்த்தால் அந்த வண்டி கல்யாணப் பெண் போல நின்றது. "நம்ம வண்டிக்கு ஒரே ஒரு பொட்டுதான் வச்சீங்க" என்று வடிவேலுவிடம் குறைப்பட்டாள் சந்திரமதி.

மறுநாள் காலை மருதப்பன் ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்கினான். தேநீர்க்கடைப் பெஞ்சில் இருந்தபடி வடிவேலு பார்த்துக்கொண்டிருந்தான். மருதப்பன் ஸ்பேனரை வைத்த இடத்தைக் கண்டதும் கையிலிருந்த கிளாஸ் வாய்க்குப் போகாமல் நின்றது.

அந்தப் பட்டாளத்துச் சக்கரம் இரண்டு இரும்புத் தட்டுகளைச் சேர்த்துப் பூட்டியது. உள்வட்டத்து நட்டுகள் சக்கரத்தை வண்டியோடு பிடிப்பவை. வெளிவட்டத்து நட்டுகள் தட்டு இரண்டையும் ஒன்றோடொன்று பிடிப்பவை. டயரில் காற்று இருக்கும்போது வெளிவட்டத்தைக் கழற்றினால், தட்டு பிய்த்துக்கொண்டு கழற்றுகிறவன் முகத்தில் அறையும். அதற்காகவே பட்டாளத்தில் வெளிவட்டத்துக்குச் சிவப்பு அடித்து வைப்பார்கள். பட்டாளத்தின் நீ சூன் முகாம் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில், அப்படி அடிபட்ட ஒருவனைப் போர்வையில் சுருட்டித் தூக்கிப்போனதை வடிவேலு பார்த்திருக்கிறான். மரக்கடை லாரி ஓட்டிய மருதப்பனுக்கு இதெல்லாம் தெரியாது. இருந்த சிவப்பை வெள்ளிப் பெயிண்ட் மூடிவிட்டது. இப்போது குங்குமத்தில் எல்லா நட்டும் சிவப்பு.

மருதப்பன் வெளிவட்டத்தில் முதல் நட்டைக் கழற்றிக் கீழே போட்டான்.

சொல்லவேண்டும் என்று வடிவேலுவுக்குத் தெரிந்தது. வாய் வரவில்லை. பிற்பகல் தவுக்கே வரும்போது அந்த லாரி ஒற்றைக்கால் தூக்கியபடி நின்றால் யார் வண்டி ஜூரோங் போகும் என்று மனசு கேட்டது. நான் ஒன்றும் செய்யவில்லையே, அவனாகத்தானே கழற்றுகிறான் என்றும் அதே மனசு சொன்னது. இரண்டாவது நட்டு விழுந்தது. மருதப்பன் இன்னும் நெருங்கிக் குந்தி, தலையைச் சக்கரத்துக்கு நேரே கொண்டுபோனான்.

வடிவேலு கிளாஸைப் பெஞ்சில் போட்டுவிட்டு ஓடினான். "மருதா, நிறுத்து. அது கழட்டுற நட்டு இல்ல. காத்து இருக்கு, வெடிச்சுரும்."

மருதப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரப்பர் வெந்துபோச்சு, சைஸ் ஏறாது, இப்ப நட்டு வெடிக்குமா? போங்கண்ணே, போய்த் தேத்தண்ணி குடிங்க."

கடையில் சிரிப்பு கேட்டது. ஸ்பேனர் மூன்றாவது நட்டில் ஏறியது. தன் பொய்கள் எல்லாம் வரிசையாக வந்து தன் வாயைப் பொத்துவதை வடிவேலு உணர்ந்தான். வேறு வழி தெரியாமல் மருதப்பனைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, சக்கரத்துக்கு முன்னால் மண்டியிட்டு, தன் முகத்தை அந்த நட்டுகளுக்கு நேரே வைத்துக்கொண்டான்.

"கழட்டு. என் மூஞ்சி இங்கதான் இருக்கும். கழட்டு பாப்போம்."

மருதப்பன் அவன் முகத்தைப் பார்த்தான். அது வேர்த்து வெளுத்திருந்தது. ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

வடிவேலு வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கினான். அது சீறி அடங்கியது. பிறகு எந்த நட்டு எதற்கு என்று வடிவேலு தொட்டுத் தொட்டுச் சொன்னான். மருதப்பன் கழன்று கிடந்த இரண்டு நட்டையும் பார்த்தான். தேநீர்க்கடைப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். அங்கிருந்து சக்கரம் நன்றாகத் தெரியும்.

"எப்பண்ணே பாத்தீங்க?"

பொய் சொல்ல ஒரு நொடி போதும். வடிவேலுவுக்கு அன்று அது முடியவில்லை.

"மொத நட்டுலயே."

மருதப்பன் ஸ்பேனரை மறுபடி கையில் எடுத்தான். அடிப்பான் என்று வடிவேலு எதிர்பார்த்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

"மூணாவதுக்கு வந்துட்டீங்கல்ல. விடுங்க" என்றான் மருதப்பன். "எனக்கு இந்த வீல் பூட்டத் தெரியாது. கூட இருந்து மாட்டிக் குடுங்க."

மத்தியானம் வரை வடிவேலு நான்கு டயர்களையும் தன் கையாலேயே மாட்டினான். ஒரு நட்டுகூடத் தளராமல் முறுக்கினான். தவுக்கே வந்தார், டயரின் பல்லைக் குனிந்து பார்த்தார், மருதப்பனின் தோளில் தட்டினார். வேலை போய்விட்டது. வடிவேலு நினைத்த அளவுக்கு அது வலிக்கவில்லை. ஒரு லாரியின் மேல், நான்கு டயரின் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. விடுங்க என்று மருதப்பன் சொன்னானே, அதைச் சொல்ல ஒரு மனசு வேண்டுமே, அது தனக்கு இல்லையே என்றுதான் அன்று முழுவதும் வயிறு எரிந்தது.