அட்டைக் கிரீடமும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொல்லமாட்டேன். தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிகிற செக்ரோலைப் புரட்டினால் இருக்கும். பசறைப் பக்கம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்களில் பாட்டுக்காரர் யார் என்று கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் குரல் இருக்கிறதே, அடேயப்பா! மேல்மலையில் அவர் தொண்டையைத் திறந்தால் கீழ்மலையில் கொழுந்து பறிக்கிற எங்கள் கை தானாக வேகம் பிடிக்கும். புருஷன் என்பதற்காகச் சொல்லவில்லை. புருஷனாக அவரிடம் ஆயிரம் குறை உண்டு, அது வேறு கதை.

மதுரையிலிருந்து வந்த நாடகக் கம்பெனி ஒன்று அப்போது பதுளையில் கொட்டகை போட்டு, சனி ஞாயிறுகளில் ஆட்டம் நடத்திக்கொண்டிருந்தது. அவர்களுடைய ராஜா வேஷக்காரர் மொனராகலைப் பக்கம் போய்க் காய்ச்சலை வாங்கிக்கொண்டு ஊருக்கே கப்பலேறிவிட்டார். உள்ளூரில் யாராவது தேறுவார்களா என்று அடுத்த ஞாயிறு பகலில் பார்க்கப்போவதாக நாடக வாத்தியார் சொல்லியிருந்தார். எங்களிடம் இதைச் சொன்னவர் பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் மொஹிதீன் முதலாளி.

"தம்பி, ஒன்னய உட்டா வேற யாரு ஈக்கிறாங்க?" என்று சொல்லி, வாத்தியார் கொடுத்திருந்த வசனத் தாளை வாசித்துக் காட்டினார்.

என் வீட்டுக்காரருக்கு எழுத்து வாசனை கிடையாது. மூன்று தரம் கேட்டார். நாலாவது தரம் இவரே சொல்லத் தொடங்கினார்; முதலாளி தாளை மடித்துவிட்டு இவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலு பக்கம், ஓர் எழுத்துப் பிசகவில்லை!

காட்சி இதுதான். எதிரி ராஜாவின் தூதன் சபைக்கு வந்து, 'ஏய்! முடியைக் கழற்றி வை!' என்று அதட்டுவான். ராஜா அசையாமல் நின்று, 'தூதனே! என் தலை தரையில் உருண்டாலும் உருளும், முடி இறங்காது!' என்று முழங்கவேண்டும். எங்களுக்கு வினை வந்ததே அதில்தான்.

தோட்டத்தில் துரை வந்தால் ஆம்பிளைகள் பாதையை விட்டு இறங்கி, தலைப்பாகையை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கவேண்டும். பெரிய கங்காணிக்கும் அதே மரியாதைதான். ஏழு வயதில் வேலைக்குப் போன நாளிலிருந்து இவருக்கு அதுதான் பழக்கம். திங்கட்கிழமை வேலை விட்டு வந்ததும் லயத்து வரிசையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் பழகிப் பார்த்தோம். அவருக்குத் தலைப்பாகைதான் கிரீடம். நான் அவருடைய கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, விறகுக் கட்டையைக் கையில் பிடித்து, "ஏய்!" என்று ஒரு சத்தம் போட்டேன். படக்கென்று கை மேலே போனது. தலைப்பாகை கக்கத்துக்கு வந்துவிட்டது.

"அட எழவே! ராஜாவா நிக்கச் சொன்னா, காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்களே!"

"நான் என்னா செய்ய, புள்ள? கை கேக்க மாட்டேங்குது."

எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் மேல் இல்லை. அந்தக் கையை அப்படிப் பழக்கி வைத்தவர்கள் மேல்.

மனுஷன் விட்டாரா? பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனாலும், விறகு சுமந்து வந்தாலும், எதிரே வருகிற யாரிடமும் "என்னய ஒரு அதட்டு அதட்டுங்க" என்று கேட்டுக்கொண்டே திரிந்தார். லயமே அவரை அதட்டியது. சிரித்தார்கள், கேலி செய்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சனிக்கிழமைக்குள் லயத்தில் யார் அதட்டினாலும் அந்தக் கை அசையவில்லை.

"இது கெடைக்கலன்னா என்னா செய்வீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு தடவையாவது நிமுந்து நின்னு பேசணும், இராக்கம்மா. வேஷம் கட்டித்தான் அப்புடிப் பேச முடியும்னா, வேஷம் கட்டிப் பேசிட்டுப் போறேன்."

நான் தட்டை எடுத்து வைத்து, "சோறு ஆறுது, திங்க வாங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே நடக்கத் தொடங்கி, வெயில் ஏறுமுன் பதுளைக்குப் போய்விட்டோம். வாத்தியார் தோட்டத்துத் துரை மாதிரியே கோட்டு, பூட்ஸு, கையில் பிரம்பு சகிதம் மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வந்திருந்த மூன்று பேரைத் திருப்பி அனுப்பிவிட்டு இவரைக் கூப்பிட்டார். தலையில் அட்டைக் கிரீடம் ஒன்றை வைத்தார்கள். இவரும் நன்றாகத்தான் நின்றார். தூதன் வசனத்தை வாத்தியாரே எடுத்துக்கொண்டு, பூட்ஸ் அதிர மேடையில் நடந்து வந்து, "ஏய்! முடியைக் கழற்றி வை!" என்றார்.

கிரீடம் கக்கத்தில் இருந்தது.

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. வேஷக்காரன் ஒருவன், "கூலி ராஜாடா!" என்று கத்தினான். அவனை நாலு கேள்வி கேட்கலாம் என்று நான் எழுந்தேவிட்டேன். அதற்குள் இவர் வாயைத் திறந்தார்.

"ஐயா, இன்னொரு தரம் அதட்டுங்க. இன்னும் பலமா."

வாத்தியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இவர் கிரீடத்தை எடுத்து வைத்துக்கொண்டதும் பிரம்பை ஓங்கி, "டேய்! கழற்றுடா முடியை!" என்று கொட்டகை கிடுகிடுக்கக் கத்தினார்.

கை எழுந்தது. எல்லாரும் பார்த்தோம். கிரீடத்தைத் தொட்டது. நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். பிறகு அந்தக் கை கிரீடத்தை இன்னும் கெட்டியாகத் தலையில் அழுத்தி வைத்துவிட்டுக் கீழே வந்தது. இவர் வாத்தியாரின் கண்ணைப் பார்த்தார். "தூதனே!" என்று இவர் எடுத்த எடுப்பு கடைத்தெரு வரைக்கும் கேட்டதாக மொஹிதீன் முதலாளி பின்னால் சொன்னார்.

வாத்தியார் பிரம்பைத் தாழ்த்தினார். தன் நாற்காலியைத் தானே இழுத்து வந்து இவர் பக்கத்தில் போட்டு, "உட்காருங்க" என்றார். "இனி ராஜா நீங்கதான்."

இவர் உட்காரவில்லை. கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"எம் பொஞ்சாதியும் விடியக்காலையில இருந்து நடந்து வந்திருக்கு. அதுக்கும் ஒன்னு போடுங்க."

கெஞ்சவில்லை, குனியவில்லை. சொன்னார், அவ்வளவுதான். கூலி ராஜா என்று கத்தினானே, அவனே ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தான்.

நாற்காலியில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கால் தரைக்கு எட்டவில்லை. பாழாய்ப்போன மனுஷன், அத்தனை பேர் முன்னால் என்னை அழவைத்துவிட்டார்.