யாரும் விசாரிக்க முடியாதவர்

“எங்க சபைக்குப் போப்பே கிடையாதுடி! நாங்க பெந்தெகொஸ்தே. சார்கிட்ட சொன்னா, ‘பரவால்லம்மா, எல்லாம் உங்காளுங்கதானே’ன்றாரு.”

கெசியா விழுந்து விழுந்து சிரித்தாள். தாம்பரத்தில் ரயில் இன்னும் கிளம்பவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“அப்ப வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?”

“யாராவது வேணாம்பாங்களா மிருதுளா?”

எம்.ஏ. வரலாற்றில் நாங்கள் பதினோரு பேர். நாளைய கருத்தரங்கில் ஒருவர்தான் கட்டுரை வாசிக்கலாம். இடைக்காலத்தில் போப்பின் அதிகாரத்துக்கு எல்லை இருந்ததா என்பது தலைப்பு. ஒரு வருஷமாக நான் அந்தக் காலத்திலேயே குடியிருந்தேன். துறைத்தலைவரோ வருகைப் பதிவேட்டில் ஒரு கிறிஸ்தவப் பெயரைத் தேடிப் பிடித்துவிட்டார்.

கெசியா தன் கட்டுரையை என் மடியில் வைத்தாள். முதல் பத்தியிலேயே போப்பின் மன்னிப்புக்காகக் கோட்டை வாசலில் மூன்று நாள் பனியில் வெறுங்காலோடு நின்ற மன்னன். கேன்டீனில் பப்ஸ் தின்றபடி அவளுக்கு நான் சொன்ன கதை. பனியை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தக் கால்களின் குளிர் எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன். அவள் என்னைவிட நன்றாக எழுதியிருந்தாள். எங்கேயாவது தப்பு இருக்காதா என்று புரட்டினேன்.

கடைசிப் பக்கத்துக்குப் போனேன். ‘போப்பை விசாரிக்க உலகில் யாருக்கும் உரிமையில்லை. எனவே எல்லை இல்லை’ என்று முடித்திருந்தாள்.

அது பாதி வாக்கியம். ‘அவரே விசுவாசத்திலிருந்து வழுவினால் ஒழிய’ என்பது மீதி. திருச்சபையின் சட்ட அறிஞர்கள் சேர்த்து வைத்த அந்தச் சின்ன விலக்கைப் பிடித்துக்கொண்டுதான், வழுவியதை யார் தீர்ப்பது, ஆயர்கள் கூடும் சங்கமா என்று ஏறத்தாழ முந்நூறு வருஷம் சண்டை போட்டார்கள். தலைப்பின் விடையே அதில்தான். கருத்தரங்குக்குப் பெங்களூரிலிருந்து வரும் பேராசிரியை முதலில் இதைத்தான் கேட்பார். மேடையில் கெசியா விழிப்பதை நினைத்துப் பார்த்தேன். இனித்தது.

“எப்படிடி இருக்கு?”

“நல்லாருக்கு.”

ரயில் நகர்ந்தது. அவள் பல்லாவரத்தில் இறங்கிப் பொழிச்சலூருக்கு பஸ் பிடிப்பாள். நான் அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்திலேயே இறங்க வேண்டும். தாள்களை நீட்டிவிட்டு எழுந்தேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

“பொய் சொல்லாத. நீ இதையெல்லாம் கரைச்சுக் குடிச்சவ. நாளைக்கு அந்த மேடம் கேட்டு நான் அசிங்கப்படணுமா? எதை விட்டிருக்கேன்னு இறங்கறதுக்குள்ள சொல்லிட்டுப் போயேன், மிருது.”